நம் பாதையில் நம் பிள்ளைகளும் நடக்கட்டும்

எல்லயில் தேயிலை மலைக்கு மேலே கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டு நடக்கிறது. ஒரு தடவை பறக்க ஒரு நாள் சம்பளம் போதாது. 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அதனால் இதெல்லாம் நமக்கில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா?

கூடாது. கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பீக்கோ டிரெயில் பாதையில் நடக்க வெளிநாட்டார் வருகிறார்கள். அப்புத்தளையும் எல்லயும் தெமோதரையும் அதில் உண்டு. பெரும்பாலும் அது பழைய தோட்டப் பாதைதான். வெட்டியவர்கள் நம் பாட்டன்மார், கொழுந்து சுமந்து நடந்தவர்கள் நம் பாட்டிமார்.

பெற்றோரே, ஒரு லீவு நாளில் பிள்ளைகளோடு சின்னச் சிவனொளிபாதமலைக்கு ஏறுங்கள். 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டுங்கள். பஸ் காசும் சோற்றுப் பார்சலும் போதும். ஆனால் மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் வேண்டாம். 2014இல் மீரியபெத்தையில் நாம் இழந்தது போதும்.

சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. பண்டாரவளையில் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பாடசாலை உள்ளது. நம் இளைஞருக்கு அங்கே தமிழில் வழிகாட்டிப் பயிற்சியும், முதலுதவிப் பயிற்சியும், பிறகு அனுமதிப்பத்திரமும் கிடைக்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வைப்போம். பயணிகளின் பை தூக்குவதோடு நம் பிள்ளைகளின் பங்கு முடியக்கூடாது. முன்னே நடந்து வழிகாட்டுபவர்கள் அவர்களாக இருக்கட்டும்.