சித்தி கேட்டது நியாயம்தான்

2023 மே 27, சனிக்கிழமை காலை. கம்பத்திலிருந்து சித்தி போன் செய்தாள். குரலில் பாதி பயம், பாதி வேடிக்கை. "ஏப்பா, எல்லாரும் மொட்டை மாடில நிக்கிறோம். ஆனை ஊருக்குள்ள வந்துருச்சு. ஆட்டோவெல்லாம் சாய்ச்சுப் போட்டுருச்சாம்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அது கழுத்துல பட்டை மாட்டிருக்காங்கல்ல? எங்க போகுதுன்னு சேட்டிலைட்டுல தெரியுமாம்ல? பெறகு எப்பிடிப்பா தெரு வரைக்கும் வந்துச்சு?"

அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய யானை. ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, அசாமிலிருந்து வரவழைத்த ரேடியோ காலரை மாட்டி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் கொண்டுபோய்ப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

அந்தக் காலர் ஒன்றும் மாயமில்லை. கனத்த பட்டை, பிடரியில் ஜிபிஎஸ் பெட்டி, தொண்டைக்குக் கீழே ஒரு பாரம். பாரம் இல்லாவிட்டால் பட்டை சுழன்று, பெட்டி வானத்தைப் பார்க்காது. குறித்த இடைவெளியில் தான் இருக்கும் இடத்தைக் கணித்துச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். அடிக்கடி அனுப்பினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். யானைக்குப் பேட்டரி மாற்ற மறுபடியும் மயக்க ஊசிதான். அதனால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் மணிக்கணக்கில்கூட இடைவெளி விடுவதுண்டு. அடர்ந்த காட்டுக்குள் சில புள்ளிகள் வராமலே போகும். மாட்டுக்குக் கட்டும் தும்பைப் போல இதைப் பிடித்து இழுக்கவா முடியும்?

ஆனால் சேர்ந்த புள்ளிகளை உட்கார்ந்து படித்தால் யானையின் மனசு கொஞ்சம் பிடிபடும். இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் அதைச் செய்தார்கள். ஊருக்குள் வந்த தொல்லைக்காகப் பிடித்து வேறு காட்டில் விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். சில யானைகள் பிடிபட்ட இடத்துக்கே திரும்பி நடந்தன. சில கால்போன போக்கில் அலைந்தன. மற்றவை புது இடத்தில் தங்கின. மொத்தத்தில், இடமாற்றத்தால் மோதல் குறையவில்லை, புது ஊர்களுக்கும் பரவியது என்று 2012-லேயே எழுதிவிட்டார்கள். அரிக்கொம்பனை லாரியில் ஏற்றியது அதற்குப் பதினோரு வருஷம் கழித்து!

இனி வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பெரியாறு தெற்கே, சின்னக்கானல் வடக்கே, கம்பம் இடையில். அரிக்கொம்பன் வீட்டுக்குப் போகிறது என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, யானையைக் கேட்க வழியில்லை என்றாலும்.

அன்று கம்பத்தில் அதனிடம் சிக்கிக் காயமடைந்த ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஊரில் 144 தடை போட்டார்கள். ஜூன் 5 அன்று மறுபடியும் ஊசி, மறுபடியும் லாரி. இந்த முறை களக்காடு முண்டந்துறை, மேல் கோதையாறு. செப்டம்பரில் அங்கிருந்தும் கிளம்பி மாஞ்சோலைப் பக்கம் நாலுமுக்கு எஸ்டேட்டில் தலைகாட்டியது.

வால்பாறையில் வேறு ஏற்பாடு. யானைகளின் கழுத்தில் எதையும் மாட்டாமல், ஆட்கள் அவற்றின் நடமாட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். தோட்டத்து ஜனங்களின் போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் பாதையோரம் சிவப்பு விளக்கு எரிகிறது. வேலை முடிந்து திரும்புகிறவர் அதைப் பார்த்து நின்றுகொள்கிறார்.

சித்தி கேட்டதற்கு அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வனத்துறையினரே, அடுத்து எந்த யானைக்குக் காலர் மாட்டினாலும், அந்தப் புள்ளி மலையிறங்கத் தொடங்கியதும் அடிவாரத்து ஜனங்களின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். இரண்டு வரி போதும், தமிழில்.