அணை தாமதம் யாராலே?



பெரிய அணை வேலை இழுத்தடிச்சா, "அந்த ஊர் சனங்க எந்திரிக்க மாட்டேங்குறாங்க" என்று பழியை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். நர்மதை சர்தார் சரோவர் அணைக் கணக்கைப் பாருங்கள். 1961-இல் நேரு அடிக்கல் நாட்டினார். உயரம் எவ்வளவு, தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று மாநிலங்கள் மோதிக்கொண்டதில் 1969-இல் நடுவர் மன்றம் அமைந்தது. தீர்ப்பு வந்தது 1979-இல். 18 வருஷம் போச்சு! இதிலே எந்தப் பழங்குடி மக்கள் குறுக்கே நின்னாங்க?

நிலத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம். புனர்வாழ்வு ஏற்பாடு இல்லாமல் மூழ்கடிக்கக் கூடாது. இது நடுவர் மன்றமே சொன்னது. சொன்னபடி கொடுத்திருந்தா எவன் கோர்ட்டுக்குப் போறான்?

கடன் வாங்க மட்டும் வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. உலக வங்கிக் கடன் 1985-இல். சுற்றுச்சூழல் அனுமதி 1987-இல், அதுவும் நிபந்தனையோடு! வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992-இல் மறுகுடியமர்வைக் குறை சொன்னது, அடுத்த வருஷம் கடன் நின்றது. 1995-இல் அணையை மேலும் உயர்த்த உச்சநீதிமன்றம் தடை போட்டது.

கடைசியில் 2017-இல் மதகுகளை மூடி அணையைத் திறந்துவைத்தார்கள். அப்போதும் குஜராத்தில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கிளை வாய்க்கால்கள் வெட்டி முடியலை. அதுக்கும் வீடு மூழ்கினவங்கதான் காரணமா?