ஈச்சர வாரியரின் மனு



நெருக்கடி நிலை என்றதும் பேச்சு நேரே டெல்லிக்குப் போய்விடும்: இந்திரா, சஞ்சய், ஜெயப்பிரகாஷ் நாராயண். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கேரளத்து இந்திப் பேராசிரியர் ஒருவர், டி.வி. ஈச்சர வாரியர்.

அவருடைய மகன் ராஜன், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர். 1976 மார்ச் 1 விடியற்காலையில் போலீஸார் விடுதிக்கு வந்து அவரைப் பிடித்துப் போனார்கள். அதற்குச் சற்று முன்புதான் காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கியிருந்தார்கள். சந்தேகத்தில் சிக்கியவர்களைக் கக்கயம் முகாமில் வைத்து, தொடைமேல் மர உலக்கையை அழுத்தி உருட்டினார்கள். ‘உருட்டல்’ என்று மலையாளிகள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ராஜன் திரும்பி வரவில்லை.

தகப்பனார் அமைச்சரிடம் போனார், அதிகாரிகளிடம் போனார், குடியரசுத் தலைவர் வரை எழுதினார். நீதிமன்றக் கதவு மட்டும் மூடியிருந்தது. ஆட்கொணர்வு மனுவை ஏற்கலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தும், உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மறுத்துவிட்டது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. மறு ஆண்டு, அவரைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா பதவி விலகினார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017-இல்தான் முழுமையாகத் தள்ளியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல்! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலகியது. நான்கே நாளில் வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. கண்ணால் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். போலீஸ் பிடித்துப் போனதைத் தகப்பனாருக்கு எழுதித் தெரிவித்திருந்த கல்லூரி முதல்வரும் உண்மையை மறைக்கவில்லை. நீதிமன்றம் அவர்களை நம்பியது. நெருக்கடிக் காலத்தில் உள்துறையைக் கையில் வைத்திருந்த கருணாகரன், முதலமைச்சராகி ஒரே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. போலீஸ் அதிகாரிகள்மீதான வழக்கு நம் கோயம்புத்தூரில் நடந்தது. ராஜனின் உடல் மட்டும் கிடைக்கவே இல்லை. 2006-இல் வாரியர் கண்மூடும் வரையில்.

நம் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் சென்னை மத்திய சிறையில் மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களை அடித்து நொறுக்கினார்கள். அவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். இந்தச் சிறைக் கொடுமையைப் பிறகு விசாரித்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பனில் தோய்ந்த அவரேதான், அந்தச் சிறைச்சுவருக்குள் விழுந்த அடிகளையும் ஆவணமாக்கினார்.

உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது என்று 1978-இன் 44-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. அந்தக் காப்பு நாடாளுமன்றம் மனமிரங்கிக் கொடுத்தது என்று நான் நம்பவில்லை. மனு எழுதிய தகப்பன்மார், சாட்சிக் கூண்டில் ஏறிய ஆசிரியர்கள், தனித்து நின்ற ஒரு நீதிபதி, இவர்கள் வாங்கிக் கொடுத்தது அது. ஓர் அமைப்பு கெட்டுப்போவதும் அதற்குள் இருக்கும் மனிதர்களால்தான், நிமிர்வதும் அவர்களால்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த மாதங்களில் சிறையில் இருந்திருக்கலாம். அல்லது சிறை வாசலில் காத்து நின்றிருக்கலாம். தணிக்கை முத்திரை விழுந்த கடிதமோ, நாட்குறிப்போ பரணில் கிடக்கலாம். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், நாங்கள் வெளியிடுகிறோம். அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் எண்பதை எட்டிவிட்டார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்