தாகத்துக்குத் தண்ணீர்தான்

2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். குடிநீரில் சாக்கடை கலந்ததாக மக்கள் சொன்னார்கள், தமிழக அமைச்சர் ஒருவர் மறுத்தார். எது எப்படியோ, குழாயின் மேல் பயம் வந்துவிட்டால் கை தானாகக் குளிர்பான பாட்டிலுக்குப் போகிறது. அதுதான் ஆபத்து. 250 மில்லி கோலாவில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் அதைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை இல்லாத டயட் பானம் என்றால் சரியா? எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. இன்னும் கொடுமை, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயரான 'ஓ.ஆர்.எஸ்.' என்பதைப் போட்டு விற்கப்பட்ட இனிப்பு பானங்கள். வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்கு அளவுக்கு மீறிய சர்க்கரை கொடுத்தால், அது குடலுக்குள் நீரை இழுத்து நிலைமையை மோசமாக்கும். உரிய கலவை இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் கண்டிப்பாக உத்தரவிட்டது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்கு எந்த வண்ணப் பானமும் மாற்று ஆகாது. ஆனால் அதை வீட்டுக்கு வீடு சொன்னால் மட்டும் போதாது. குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கடைக்கோடித் தெருவிலும் அதைச் சோதித்து, முடிவை ஒவ்வொரு வார்டிலும் மாநகராட்சி எழுதி ஒட்டட்டும். குழாயை நம்ப முடிந்தால் பாட்டிலைத் தேடும் அவசியம் நமக்கு இருக்காது.