இழுக்க மறுக்கும் லாரி: பழி யார் மீது?

தேங்காய்ப்பட்டணம். குழித்துறை தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடம். அங்கே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. படகு கரைக்கு வந்ததும் ஐஸ் தயாராக இருக்கவேண்டும். மீன் கெடும் முன்பு வெளியூர் போய்ச் சேரவேண்டும். சில வேளை பைபர் வள்ளமே டிரெயிலரில் ஏறி, லாரிக்குப் பின்னால் ஊர்விட்டு ஊர் போகும்.

அப்படி ஒரு லாரி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் டிரெயிலர். அதன் மேல் பாரம். கடற்கரைச் சாலையில் வண்டி ஜோராக ஓடுகிறது. புதுக்கடை, கருங்கல் என்று உள்ளே போகப்போக மேடும் பள்ளமும் வருகின்றன. ஓர் ஏற்றத்தில் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். என்ஜின் திணறுகிறது. வண்டி இழுக்கவில்லை!

டிரைவர் ஓரங்கட்டுகிறார். கால் மணி நேரம் நிறுத்தி வைக்கிறார். பிறகு ஸ்டார்ட் செய்கிறார். ஒன்றுமே நடக்காதது போல் வண்டி ஓடுகிறது! பத்துக் கிலோமீட்டர் போனதும் மறுபடியும் அதே கதை.

மறுநாள் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. டிரெயிலரைக் கழற்றிவிட்டு, வெறும் லாரியைத் தெருவில் ஓட்டிப் பார்க்கிறார்கள். குதிரை போல் ஓடுகிறது. "வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஓட்டுகிறவனிடம்தான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். டிரைவரின் பேட்டாவில் கை வைக்கிறார்கள்.

இது நியாயமா? இல்லவே இல்லை! எய்தவன் இருக்க அம்பை நோகும் காரியம் இது.

சுமை சொல்லும் உண்மை

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து, சுமை வண்டியின் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஏன்?

20 அடி தூரம் போனால் 1 அடி உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெயிலரில் 10 டன் பாரம் இருந்தால், அது அரை டன் பலத்தோடு லாரியைப் பின்னுக்கு இழுக்கும். அதை வெல்ல என்ஜினுக்கு நிறைய டீசல் வேண்டும். நிறையக் காற்றும் வேண்டும். வெறும் வண்டிக்குக் கொஞ்சம் டீசலே போதும். பாதி அடைத்த குழாய் வழியாகக்கூட அந்தக் கொஞ்சம் வந்துவிடும். சோம்பிக் கிடக்கும்போது தெரியாத இளைப்பு, மாடிப்படி ஏறும்போது தெரிகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஆகையால், சுமையோடு, டிரெயிலரோடு, அதே மாதிரி ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். மெக்கானிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து போகவேண்டும். அதுதான் சோதனை. மற்றதெல்லாம் ஊர்சுற்றல்!

சாப்பாடும் மூச்சும்

ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ப் டீசல் 1893-ம் ஆண்டு தமது என்ஜினுக்குக் காப்புரிமை பெற்றார். 1897-ல் அது நன்றாக ஓடியது. டீசல் என்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் அது பயங்கரமாகச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான்.

ஒரு கிலோ டீசல் எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று தேவை. டீசல் குறைந்தாலும் இழுவை போகும். காற்று குறைந்தாலும் இழுவை போகும். எது குறைந்தது என்பதைப் பெரும்பாலும் புகையே சொல்லும். திணறும்போது கரும்புகை தள்ளினால் காற்றுப் பக்கம் பார்க்கவேண்டும். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்து போனால், டீசல் சரியாக வந்து சேரவில்லை என்று சந்தேகப்படலாம்.

நின்றால் சரியாவது ஏன்?

கால் மணி நேரம் நின்றால் வண்டி சரியாகிறதே, அது என்ன மாயம்? மாயம் ஒன்றும் இல்லை. அதுவே பெரிய துப்பு!

டீசல் டாங்கியில் காற்று உள்ளே போக ஒரு சிறு வழி உண்டு. அது அழுக்கால் அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறைய டாங்கியில் வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. வண்டி நிற்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும். உடனே எல்லாம் சரியாகிவிடும். அடுத்த முறை வண்டி சோர்ந்து நின்றதும் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் இழுத்தால், திருடன் அகப்பட்டான்! செலவு? ஒரு மூடியின் விலை.

இன்னொன்று, டாங்கிக்குள் கிடக்கும் கசடு. ஓடும்போது அது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும். நின்றதும் அடியில் இறங்கிவிடும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியான டாங்கிக்குள் அந்த ஈரம் நீராகும். நீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து பாசி போல் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பு பில்டரை அடைக்கும். ஆகவே பில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அடிக்கடி வடிக்கவேண்டும்.

டீசல் குழாயில் ஊசித் துவாரம் இருந்தால் என்ன ஆகும்? பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குக் கசிவே தெரியாமல் வண்டி திணறும்.

ஓர் எச்சரிக்கை! புதிய என்ஜின்களில் பம்புக்கு அப்பால் இருக்கும் குழாய்களில் டீசலின் அழுத்தம் மிகப் பயங்கரமானது. என்ஜின் ஓடும்போது அவற்றைக் கழற்றவோ, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவோ கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

புதிய லாரியின் குணம்

1954-ம் ஆண்டு ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனி பென்ஸ் லாரி செய்யத் தொடங்கியது. அந்தக் கால என்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய லாரியில் உண்டு. ஏதாவது ஒரு சென்சார் தப்பாகச் சேதி சொன்னால், என்ஜினைக் காப்பாற்றுவதற்காகக் கம்ப்யூட்டரே பலத்தைக் குறைத்துவிடும். சாவியை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும். உப்புக் காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்தால் இந்தத் தொல்லை வரும். குலுங்கும்போது தொடர்பு விடும், பிறகு ஒட்டும்.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.6 விதி வந்தது. அதன்படி வந்த லாரிகள் பலவற்றில் புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் ஊற்றுகிறார்கள். அது தீர்ந்தாலோ, கலப்படமாக இருந்தாலோ, விளக்கு எரிந்து எச்சரிக்கும். கவனிக்காவிட்டால் இழுவை குறையும். அந்த விளக்கை அலட்சியம் செய்யலாமா?

சில வேளை என்ஜின் மேல் குற்றமே இருக்காது. என்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். டிரெயிலரின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டாலும் வண்டி இழுக்காது. நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனால், தொடாமலே தெரியும். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் அங்கேதான் கோளாறு!

முதலாளியின் வாதம்

"இத்தனையும் பார்க்க நேரம் எங்கே? மீன் காத்திருக்குமா?" என்று முதலாளி கேட்கலாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மீன் காத்திருக்காது. வண்டிக் கடன் தவணையும் காத்திருக்காது.

ஆனால் கணக்குப் பாருங்கள். காரணம் தெரியாமல் பம்பை மாற்றுகிறார்கள். பிறகு டர்போவை மாற்றுகிறார்கள். ஒரே நாளில் நாலு பாகத்தை மாற்றினால், எதனால் சரியானது என்பதுகூடத் தெரியாது. கடைசியில் ஒரு சின்னக் குழாய்தான் காரணம் என்று வந்தால், போன பணம் திரும்புமா? விலை குறைந்ததை முதலில் பார்க்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இதற்கு அரை நாள் செலவானாலும் லாபமே.

பணத்தைவிடப் பெரியது உயிர். பாரத்தோடு ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் உருண்டால்? பின்னால் சைக்கிளில் ஒரு பள்ளிப் பிள்ளை வந்தால்? தேங்காய்ப்பட்டணத்தாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் அலை புரட்டிப் படகுகள் கவிழ்ந்ததும், உயிர்கள் போனதும் ஊரறிந்த சோகம். அந்த இடத்தில் என்ஜின் ஒரு நிமிஷம் நின்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மீனவர் வீட்டுக்கும் தெரியும். "சந்தேகமான என்ஜினோடு கடலுக்குப் போகாதே" என்று மகனைத் தடுக்கும் தாய், லாரி ஓட்டும் மகனையும் தடுக்க வேண்டாமா?

ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு லாரியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வண்டி எங்கே சோர்ந்தது? ஏற்றமா, சமதரையா? எவ்வளவு பாரம்? டாங்கியில் எவ்வளவு டீசல்? புகை என்ன நிறம்? விளக்கு எரிந்ததா? எவ்வளவு நேரம் நின்றதும் சரியானது? டிரைவரோ கிளீனரோ எழுதட்டும். எழுத்துக் கூட்டி எழுதினாலும் போதும். எழுத வராவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்கலாம்.

நாலு முறை எழுதினால் ஒரு கணக்குப் புலப்படும். அந்த நோட்டை மெக்கானிக்கிடம் நீட்டினால் பாதி வேலை முடிந்தது.

வண்டியின் நோயை முதலில் அறிகிறவர் டிரைவர். அவரைத் திட்டினால் அவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். கோளாறை மறைத்துக்கொண்டே ஓட்டுவார். ஆகவே முதலாளிமாரே, பேட்டாவைப் பிடிக்கும் முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, வண்டி எப்போ இழுக்கமாட்டேங்குது?" அந்தக் கேள்விக்குச் செலவு இல்லை. அதன் பதிலில்தான் கோளாறும் இருக்கிறது. இரவில் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் நிம்மதியும் இருக்கிறது!