மூட்டு ஜவ்வு கிழிந்த பிறகு யார் வருவார்?

மாரி செல்வராஜின் ‘பைசன்’ 2025இல் வெளியான பிறகு ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: “திறமை இருந்தா சாதி ஒன்னும் பண்ணாது, மணத்தி கணேசனைப் பாருங்க.” தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர் கணேசன். அவரது வாழ்க்கையைத் தழுவிய படம்தான் அது. ஆனால் அவர் வென்றதால் சாதி தோற்றுவிடவில்லை. அவரைப் போல் ஆடத் தெரிந்தும் தேர்வுக் களத்தையே பார்க்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதக்கப் பட்டியலும் சொல்லாது.

ரைடு போகிறவர் எதிரணி ஏழு பேரின் பகுதிக்குள் தனியாக நுழைகிறார். பிடி விழுவது கணுக்காலிலும் முட்டியிலும் இடுப்பிலும்தான். 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் ஷெராவத், சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. திறமை மட்டும் அவரைத் திரும்பக் கொண்டுவரவில்லை. சிகிச்சை கிடைத்தது, ஓய்வெடுக்க முடிந்தது, கையில் ரயில்வே வேலை இருந்தது.

கள்ளக்குறிச்சியில் பகலில் கரும்பு வெட்டிவிட்டு, பொங்கல் இரவில் காலனி அணிக்காக ரைடு போகிற இளைஞனுக்கு இதில் எது இருக்கிறது? முட்டி போனால் ஆட்டத்தோடு கூலியும் போகும்.

கல்வராயன் மலைக்குப் போனால் இன்னொரு பேச்சு: “மலைப் பசங்களுக்கு இயற்கையிலேயே மூச்சும் கால் பலமும் ஜாஸ்தி.” கேட்பதற்குப் பாராட்டுபோல இருக்கும். ஆனால் அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்களிடம் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். அப்போதும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது உடல் பலம் மட்டும்தான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே, சென்னை உயர்நீதிமன்றம் மலை மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலையும் மருத்துவமும் அங்கே இன்னும் நீதிமன்றம் கேட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு விளையாட்டுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அணியில் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது தேர்வுக்குழு. ஒரு ரைடரின் வாழ்க்கையே அந்த அறையில்தான் முடிவாகிறது. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதைப் பார்த்து எடுக்கிறார்கள், எதற்காகக் கழிக்கிறார்கள் என்று கேட்பதும் சாதி ஒழிப்பு அரசியல்தான்.

எனவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. தேர்வு நாளை முன்கூட்டியே ஊரறிய அறிவிக்க வேண்டும். வெள்ளிமலையிலும் தேர்வு நடத்த வேண்டும். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை வெளியிட வேண்டும். தேர்வுக்குழுவில் தலித், பழங்குடிப் பயிற்சியாளர்கள் இருக்க வேண்டும். உள்ளூர்ப் போட்டியில் அடிபட்டாலும் அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான கூலி ஆகியவற்றை அரசு ஏற்க வேண்டும்.

கணேசனைக் கொண்டாடுவோம். ஆனால் அவர் பெயரைச் சொல்லி அடுத்த பையனிடம் “நீயும் சாதித்துக் காட்டு” என்று சொல்வதை நிறுத்துவோம். அவன் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கிறான்.