கைகண்ட பாடம்

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாலாட்டைப் பற்றிப் பேசுவார்கள். சோறூட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள். அட்சராப்பியாசத்தைப் பற்றியும் பேசுவார்கள். குழந்தையைக் கக்கூசுக்குப் பழக்குவதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். அது சபையில் பேசக்கூடிய விஷயம் அல்லவாம்! 1901-ல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் காந்தியடிகள் துடைப்பம் வாங்கிக் கக்கூசைத் தம் கையாலேயே சுத்தம் செய்தார். அந்த மகாசபைக்கு ஆகாத கௌரவக் குறைவு நம் பத்திரிகைக்கும் ஆகிவிடாது என்ற தைரியத்தில், இந்த வாரம் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தையை இதில் பழக்குவது எப்படி என்று பார்ப்போம்.

கண்ணுள்ள குழந்தை இதைப் பாதிக்கு மேல் பார்த்தே கற்றுக்கொள்கிறது. அண்ணன் செம்பை எடுத்துக்கொண்டு பொடக்காலிப் பக்கம் போகிறான், குந்துகிறான், கால் கழுவுகிறான். தம்பியும் ஒரு காலிச் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறான். பார்வையற்ற குழந்தைக்குத் தெரிந்தது என்ன? அம்மா எங்கேயோ போனாள், கதவு சாத்தியது, தண்ணீர் கொட்டியது, திரும்பி வந்தாள். நடுவில் நடந்தது பரம ரகசியம். ரகசியத்தை எப்படி அப்பியாசம் செய்வது?

ஆகவே, மூன்று வயதாகியும் பழகவில்லையே என்று குழந்தையை மந்த புத்தி என்று தீர்மானித்துவிடக் கூடாது. செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்க மாது பார்வையற்ற குழந்தைகளை வீடு தேடிச் சென்று கவனித்து, 1977-ல் ஒரு நூல் வெளியிட்டார். உடலில் வலு வந்த பின்னும் அக்குழந்தைகள் தவழத் தாமதிப்பதை அவர் கண்டார். எட்டிப் பிடிக்கத் தூண்டும் பொருள் கண்ணில் படாததே காரணம். சத்தம் வந்த திசையில் கை நீட்டத் தெரிந்த பிறகே அவை நகரத் தொடங்கின. குறை அறிவில் இல்லை. அழைப்புத்தான் வந்து சேரவில்லை.

அந்த அழைப்பை அனுப்பும் வழி நம் வீடுகளுக்குப் புதிதன்று. அம்மாயி காலை நீட்டி உட்கார்ந்து, இரு பாதங்களின் நடுவே குழந்தையைக் குந்த வைத்து, "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று ஒலி எழுப்புகிறாளே, அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எல்லாம் தொடுதலும் கேட்டலும்தான். குழந்தை பாதத்தில் அடங்காத அளவு வளர்ந்ததும் அந்தப் பாடத்தை நிறுத்திவிடுகிறோம். மற்றக் குழந்தைகளுக்குக் கண் அந்த இடத்தை நிரப்புகிறது. பார்வையற்ற குழந்தைக்கோ கைப் பாடத்தையே தொடர வேண்டும்.

முதலில், கழுவிக் காயவைத்த கழிவறையில் குழந்தையை உலவ விடலாம். கதவு, சுவர், குழாய், வாளி, கால் வைக்கும் இரண்டு மேடுகள், நடுவிலுள்ள பள்ளம் எல்லாவற்றையும் கையாலும் காலாலும் தொட்டு அறியட்டும். பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவலாம். ஒவ்வொன்றுக்கும் வீட்டார் அனைவரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அம்மா ஒன்றும் அப்பிச்சி வேறொன்றும் சொன்னால் குழந்தை எதை நம்பும்?

அடுத்தது, போகிற வழி. தூக்கிக்கொண்டு போனால் வழி தெரியாது. நாள்தோறும் ஒரே சுவரைத் தடவிக்கொண்டு நடக்கட்டும். வாசலில் சாக்கு மிதியடி ஒன்றைப் போட்டால், 'வந்துவிட்டோம்' என்று பாதமே சொல்லும். வழியிலே வாளியையும் குடத்தையும் இடம் மாற்றிப் போடக் கூடாது.

சாப்பிட்டவுடன் குடல் அசைவது இயல்பு. ஆகையால் அந்த வேளையில் உட்கார வைப்பது பலன் தரும். பாதம் உறுதியாகப் பதியாவிட்டால், கீழே என்ன ஆழமோ என்று குழந்தை நடுங்கும். உயரமான பீடமானால் காலுக்கு அடியில் ஒரு பலகை போட வேண்டும். திடீரென்று தண்ணீர் பாயும் இரைச்சல் பயமுறுத்தும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரைக் குழந்தையே திறந்துவிடும்படி செய்தால் பயம் விளையாட்டாகிவிடும். ஆண் குழந்தையும் ஆரம்பத்தில் உட்கார்ந்தே பழகட்டும்.

கழுவுவதற்குப் பின்னாலிருந்து கற்பிக்க வேண்டும். நம் கை வேலை செய்ய, குழந்தையின் கை அதன்மேல் படிந்து வரட்டும். வழுவழுப்பு நீங்கினால் சுத்தம் என்பதை விரலே கற்றுக்கொள்ளும். துணி நனைந்துவிட்டால் அதட்ட வேண்டாம். நனைந்ததையும் உலர்ந்ததையும் தொட்டுக் காட்டினால் போதும். ஈரமே தெரியாமல் உறிஞ்சிவிடும் டயப்பர் இந்தப் பாடத்துக்குப் பெரிய விரோதி.

அதைவிடப் பெரிய விரோதி ஒன்று உண்டு. "பாவம், கண் தெரியாத பிள்ளை; நாமே கழுவிவிட்டால் என்ன?" என்கிற இரக்கம்! 1887 மார்ச்சில் ஆன் சல்லிவன் அம்மையார் ஹெலன் கெல்லருக்கு ஆசிரியையாக வந்தபோது, ஏழு வயது நெருங்கிய அந்தப் பெண் மற்றவர்களின் தட்டிலிருந்து கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். வீட்டார் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். ஆசிரியை விடவில்லை, கரண்டி பிடிக்க வைத்தார். தண்ணீர் என்ற சொல் அந்தக் குழந்தையின் கையில் விளங்கியது அதற்குப் பிறகுதான்.

இரக்கத்தின் விலை பத்து வயதில் தெரியும். அம்மா மில்லிலிருந்து திரும்பும் வரை காத்திருக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்க அஞ்சும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தன் உடம்பைத் தானே பேணத் தெரியாதவள் யார் யார் கையையெல்லாம் நம்ப வேண்டியிருக்கும்! தன் உடம்பின்மேல் தனக்குள்ள ஆட்சியே முதல் சுயராஜ்யம். அதைக் குழந்தைக்கு மறுக்க நமக்கு உரிமை இல்லை.

2016-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அந்த ஆறு வயதுக்குள் இந்தப் பாடம் முடிந்திருந்தால் நல்லது. நம் கோவையிலே வழி காட்டுவோருக்குப் பஞ்சமில்லை. அவிநாசி சாலையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1997 முதல் நடக்கிறது. 1930-ல் அவினாசிலிங்கம் தொடங்கி, இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் விளங்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்திலே, பார்வையற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். ஒரு நாள் குழந்தை தானே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய், உள்ளே நுழைந்து கதவைச் சாத்தும். அப்போது வெளியே நிற்பவர்கள் பின்னாலேயே ஓடாமல் இருக்க வேண்டும். அந்தப் பாடம் குழந்தைக்கு அல்ல, நமக்கு.